மேனேஜரின் தயிர்ச்சோறு

அரங்கசாமியின் இரண்டு கைகளும் நாயின் முதுகில் இருந்தன. உள்ளங்கை நிறைய வேப்பெண்ணெயை ஊற்றி, கழுத்தில் தொடங்கி வால்வரைக்கும் இழுத்து இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலமெல்லாம் பஞ்சாலையில் அறுந்த இழையைப் பிடித்துப் பிணைத்த விரல்கள் அவை. நுணுக்கமான வேலைக்குப் பழகியவை. அந்த விரல்களால் பொருக்குத் தட்டியிருந்த இடங்களை எல்லாம் தேடித் தேடிப் பெயர்த்து, அதற்குள்ளும் எண்ணெயை விட்டார். மொட்டைமாடித் தரையில் கால் வைக்க முடியாத வெயில். தன் தலைக்கு மட்டும் ஈரத்துண்டு போட்டிருந்தார். நாய்க்கு ஒன்றும் கிடையாது. வெயில் பட வேண்டியது நாயின் மேல்தான் என்பது அவர் கணக்கு.

"அசையாதீங்க மேனேஜரே. வைட்டமின் ஏறுதுங்க," என்றார்.

நாய் ராஜபாளையம் ஜாதி. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அந்தத் தோல் வெயிலில் வெந்துபோகும் என்று தெரிந்துகொள்ள யாரும் படித்திருக்க வேண்டியதில்லை. மூக்கின் மேல்தோல் ஏற்கெனவே உரிந்திருந்தது. காது மடல் இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. அரங்கசாமி அதைப் பார்த்து, "நெறம் ஏறுது பாருங்க, ரத்தம் ஊறுது," என்று எனக்குக் காட்டினார். கீழே படுக்கையில் இருந்த அவருடைய அக்காளுக்குத் துணி மாற்றிவிட்டு, அதைக் காயப்போட நான் மாடிக்கு வந்திருந்தேன். ஊறுவது ரத்தமில்லை, தோல் வேகிறது என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. அவர் காதில் வாங்கிக்கொண்ட விஷயங்களைச் சொல்லி முடித்துவிடலாம், அவை அவ்வளவு கொஞ்சம்.

அன்னூர்ப் பக்கம் பருத்திக்காட்டில் பிறந்தவர் அவர். பெருமாளைக் கும்பிடும் தெலுங்குக் குடும்பம். காரமடை அரங்கநாதர் பேரை வைத்தார்கள். மழை பொய்த்துக் காட்டை விற்றுவிட்டுத் தகப்பனார் சிங்காநல்லூரில் வீடு கட்டினார். பையன் பக்கத்து மில்லில் சேர்ந்து, நூற்புப் பகுதியில் மேஸ்திரி ஆனான். மேஸ்திரி என்றால் கையில் கடிகாரம், காலில் செருப்பு, வாயில் அதட்டல். கீழே இருப்பவர்களை அதட்டிய வாய் மேலே இருப்பவர்களிடம் மூடியே இருந்தது. அந்த மில்லில் ஒரு மேனேஜர். ஏதாவது சொல்லப் போனால் அறைவாசலில் நிற்கவைத்து விடுவார். "மேனேஜர் சாப்பிடறாரு, அப்புறமா வாங்க," என்று சொல்லி அனுப்புவார் கதவோரத்து ஆள். பகலில் போனாலும் மாலையில் போனாலும் மேனேஜர் சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாராம். வேலையை விட்டு நின்ற பிறகும் அரங்கசாமிக்கு அது ஆறவில்லை.

ஆகவே அன்னூர்ச் சொந்தக்காரர் ஒருவர் வெள்ளைக் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்ததும் அதற்கு மேனேஜர் என்று பேர் வைத்தார். "மேனேஜர், உக்காரு!" என்று தெருவே கேட்கக் கத்துவதற்கு. ஆனால் வாய்ப்பழக்கம் விடுமா? மேனேஜர் என்ற சொல் வந்தவுடன் பின்னாலேயே 'ங்க'வும் வந்தது. "மேனேஜரே, உக்காருங்க. மேனேஜரே, வெளிய போயிட்டு வாங்க." ஆயுசு முழுக்க ஒரு மனிதனுக்குக் கொடுத்த மரியாதையைக் கடைசியில் அவர் பேரிலேயே ஒரு நாய்க்கும் கொடுத்தார். பழி தீர்ப்பதிலும் இப்படித்தான், அரைகுறை.

அவருடைய மனைவி ராமாமணி நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே மகன் வரதராஜ். கம்ப்யூட்டர் படித்தான். அப்போதெல்லாம் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்த பையன் என்றால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஏதோ குறை என்று அர்த்தம். விசா கிடைக்க வேண்டும் என்று அரங்கசாமி காரமடைக்குப் போய் நேர்ந்துகொண்டார். மொட்டை போடுகிறேன் என்றோ, தேருக்கு வடம் பிடிக்கிறேன் என்றோ நேர்ந்திருக்கலாம். அதெல்லாம் ஒரு நாளோடு முடிந்துவிடும், பெருமாள் மறந்துவிடுவார் என்று நினைத்தாரோ என்னவோ. "என்ற ஊட்டுல வாயுள்ள எதுவும் இனிமேக் கவிச்சி தொடாதுங்க சாமி," என்று சொல்லிவிட்டு வந்தார். என்ற ஊட்டுல என்றால் என் வீட்டில், கவிச்சி என்றால் கறி, மீன், முட்டை எல்லாம்தான்.

இதில் யார் யாருக்கு வாய் இருந்தது என்று பாருங்கள். மகன் விசா வாங்கிக்கொண்டு போய்விட்டான். அரங்கசாமிக்குப் புரட்டாசி மாதம் போல எல்லா மாதமும் சாம்பார் சோறு பழகிவிட்டது. சின்ன வயதில் விதவையாகித் தம்பியோடு வந்துவிட்ட அக்காள் பங்காரம்மா, வருவதைத் தின்பவர். மிச்சம் இருந்த வாய் நாயுடையது. குட்டியாக வந்தபோது எலும்பு கடித்த நாய்க்கு அன்று முதல் தயிர்ச்சோறு. வெள்ளிக்கிழமை என்றால் கூடவே பருப்பும் நெய்யும்.

"மேனேஜரும் வைஷ்ணவருங்க," என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். நாயின் விலா எலும்பு தெரிவதைப் பார்த்து, "வேட்டை நாயின்னா இப்பிடித்தான் இருக்கோணும்," என்று வேறு சொல்வார்கள்.

பங்காரம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆன பிறகு வீட்டில் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரி வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் நான் செய்துகொண்டிருந்தது அதுதான். நான் போன சமயத்தில்தான் நாய்க்கும் நோய் தொடங்கியது. முதலில் காதுக்குப் பின்னால் வட்டமாக முடி கொட்டியது. படை என்று சொல்லி எலுமிச்சம்பழம் தேய்த்தார். பிறகு கால் நகங்களைச் சுற்றி வீங்கியது. மஞ்சள் பூசினார். பிறகு கழுத்தில் நெறி கட்டி, இருமலும் வந்தது. அதற்கு என்ன தேய்ப்பது என்று தெரியாததால் டாக்டரிடம் போனார்.

கால்நடை டாக்டர் நஞ்சுண்டன் சின்ன வயதுக்காரர், பொள்ளாச்சிப் பக்கம். நாயைத் தடவிப் பார்த்து, சுரண்டி எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பூஞ்சைக் காளான் என்றார். தோலோடு நிற்கவில்லை, உள்ளேயும் இறங்கியிருக்கிறது, மாத்திரை மாதக்கணக்கில் விடாமல் கொடுக்க வேண்டும், அதுவும் வெறும் வயிற்றில் கூடாது, கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும் என்றார். அத்தோடு, மெட்ராஸில் அவருடைய சிநேகிதர் ஒருவர் இந்த நோய் வந்த நாய்களின் ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று ஆராய்கிறார், கொஞ்சம் ரத்தம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டார். மெட்ராஸ் என்றதும் அரங்கசாமி தலையை ஆட்டிவிட்டார்.

அன்று முதல் தெருவில் அவர் நடையே மாறிவிட்டது. "நம்ம மேனேஜரோட ரத்தம் மெட்ராசுக்குப் போயிருக்குதுங்க. ஆராய்ச்சிக்கு." மகன் அமெரிக்கா போனதைக் கூட இவ்வளவு பேரிடம் சொன்னாரா என்பது சந்தேகம்தான்.

பதில் வந்தது. வைட்டமின் டி குறைவு. நஞ்சுண்டன் வீட்டுக்கே வந்து சொன்னார். நான் பங்காரம்மாவின் அறைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், அதனால் அவர் சொன்னது என்ன என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

"இந்த நோய் வந்த நாய்ங்க பலதுக்கு அது கம்மியா இருக்குதுங்க. ஆனா கம்மியானதால நோவு வந்துச்சா, நோவு வந்ததால கம்மியாச்சான்னு எங்களுக்கே இன்னும் தெரியாதுங்க. அதனால நீங்களா ஒண்ணும் குடுத்துப்போடாதீங்க. மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க."

அவர் சொன்னதில் அரங்கசாமிக்குக் கேட்டது 'கம்மி' என்ற ஒரு சொல். கம்மி என்றால் நிரப்ப வேண்டும். மில்லில் எண்ணெய் கம்மி என்றால் எண்ணெய், பஞ்சு கம்மி என்றால் பஞ்சு. இது என்ன பெரிய வித்தை! வைட்டமின் டி வெயிலில் இருக்கிறது என்று யாரோ டீக்கடையில் சொல்லிவிட்டார்கள். மறுநாளே நாயை மாடிக்கு ஏற்றிவிட்டார்.

மாத்திரையையும் நிறுத்தினார். "மாத்திரை சூடுங்க, நர்ஸம்மா. வெயிலும் சூடு. ரெண்டு சூடு ஒரு உடம்பு தாங்காதுங்க. நோய்க்குக் காரணம்தான் தெரிஞ்சுபோச்சே. அப்புறம் மாத்திரை எதுக்குங்க?"

நான் சொன்னேன், பங்காரம்மா சொன்னார், வேலைக்கு வரும் முத்தாத்தாள் கூடச் சொன்னாள். கேட்கவில்லை. அது மட்டுமா? ஒரு நாள் பங்காரம்மாவின் மருந்து அலமாரிக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். எலும்பு கூடுவதற்காக அந்த அம்மாளுக்கு எழுதிக்கொடுத்த வைட்டமின் டி தூள் பொட்டலங்கள் அதில் இருந்தன.

"ஏனுங்க நர்ஸம்மா, அக்காளுக்கும் அதேதான் கம்மி, மேனேஜருக்கும் அதேதான் கம்மி. இதுல பாதிய அவருக்குக் கலக்கிக் குடுத்தா என்னங்க?"

"சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். பரவாயில்லையென்றால் கொடுங்கள்."

"அட, வைட்டமினுங்க. வெசமா?"

"அளவு தெரியாதவர் கையில் எல்லாம் விஷம்தான்," என்று சொல்லி அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். படுக்கையில் இருந்த பங்காரம்மா சிரித்தார். "ஒரேய் அரங்கா, எனக்குப் பேதிக்குக் குடுத்த மருந்து ஒண்ணு மிச்சம் இருக்குதுடா. அதையும் உன்ற மேனேஜருக்குக் குடுத்துப் பாரேன். வீணாப் போகுதில்ல."

ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்காவிலிருந்து போன் வரும். அரங்கசாமி குளித்து, நாமம் போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பேசுவது மகன், நாமம் எதற்கு என்று கேட்காதீர்கள். அடுத்த மாதம் வரதராஜுக்குப் பச்சை அட்டைக்கான, அதாவது கிரீன் கார்டுக்கான நேர்காணல் இருந்தது. அந்த வாரப் பேச்சு முழுக்க அதுதான். நடுவில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். மகன் ஒளிக்கவில்லை. பன்னுக்கு நடுவில் மாட்டிறைச்சி வைத்துத் தருவார்கள், வேலை நேரத்தில் அதுதான் சுலபம் என்றான். அவன் குரல் பெரிய குரல். பங்காரம்மாவின் கட்டில்வரை கேட்டது.

போனை வைத்ததும் பங்காரம்மா ஆரம்பித்தார். "ஆருக்குடா நேந்துக்கிட்ட நீயி? அவனுக்கா, நாய்க்கா?"

அரங்கசாமிக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் பதில் தயாராக இருந்தது. "என்ற ஊட்டுலன்னுதானக்கா சொன்னேன். அவன் இருக்கறது வேற தேசம். வேண்டுதல் கடல் தாண்டாது."

"அப்பிடியா?" என்றார் பங்காரம்மா. அதற்கு மேல் பேசவில்லை. அந்த அம்மாள் பேசாமல் இருந்தால் எதையோ முடிந்து வைத்துக்கொள்கிறார் என்று அர்த்தம்.

நாய் விழுந்தது அதற்கடுத்த சில நாட்களில். வழக்கம்போல எண்ணெய் தேய்த்து, மாடியில் கட்டிவிட்டு, அரங்கசாமி கீழே சாப்பிட வந்தார். திரும்பப் போனபோது நாய் தரையோடு தரையாகக் கிடந்தது. வயிறு மட்டும் படபடவென்று அடித்தது. நாக்கு வெளுத்து வெளியே தொங்கியது. "மேனேஜரே! மேனேஜரே! எந்திரிங்க!" என்று அவர் கத்தியது கேட்டு நான் ஓடினேன். அவர் நாயின் காலைப் பிடித்துத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார், நிற்கவைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பதுபோல. அவரை விலக்கிவிட்டு, நிழலுக்கு இழுத்து, ஈரத்துணி போட்டு, டாக்டருக்குப் போன் செய்யச் சொன்னேன். அவர் எண்களை மாற்றி மாற்றிச் சுழற்றினார். கடைசியில் நான்தான் பேசினேன்.

நஞ்சுண்டன் வந்தார். பின்வாசலில் கொய்யாமரத்தடியில் போட்டு, தண்ணீர் ஏற்றினார். நாய் கண்ணைத் திறந்த பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"மாத்திரை குடுக்கறீங்களா?"

அரங்கசாமி துண்டைச் சரிசெய்தார். "வெயில்ல காட்டறனுங்க சார். வைட்டமினுக்கு. அதனால மாத்திரைய..."

"வெயில்ல நாய்க்கு வைட்டமின் ஊறுதுன்னு ஆருங்க சொன்னாங்க? மனுசன் தோல்ல ஊறும். நாய்க்கு ஊறுறது ஒண்ணுமில்லாத மாதிரிதான். அதுக்குத் தின்னாத்தானுங்க உண்டு." டாக்டர் நாயின் விலாவை விரலால் தடவினார். "என்ன தின்னுது இது?"

அரங்கசாமி மறுபடியும் துண்டைச் சரிசெய்தார். உள்ளேயிருந்து பங்காரம்மாவின் குரல்தான் வந்தது. "தயிர்ச்சோறுங்க டாக்டர். வெள்ளிக்கெழமையானா பருப்பு."

"முட்டை?"

"நேந்துக்கிட்டமுங்க," என்றார் அரங்கசாமி.

 டாக்டர் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். "இதனாலதான் கம்மியாப் போச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டனுங்க. ஆனா உடம்புல ஒண்ணுமே இல்லைங்க. இந்த மாத்திரை செரிக்கறதுக்காவது உள்ள ஏதாச்சும் இருக்கோணும். இன்னைக்கு ராத்திரி கஞ்சியில நெய் விட்டு மாத்திரைய ஆரம்பிங்க. நாளையிலிருந்து முட்டை மஞ்சக்கரு, மீனு, வாரத்துல ஒரு ரெண்டு தடவை கொஞ்சம் ஈரல். ஈரலையும் அள்ளிப்போட்டுறாதீங்க. இல்லீன்னா என்னையக் கூப்பிடாதீங்க. புதைக்கறதுக்கு டாக்டர் தேவையில்லை."

அரங்கசாமி அவர் பின்னாலேயே வாசல்வரை போனார். "அடுத்த மாசம் பையனுக்கு இண்டர்வியூங்க சார். அது முடிஞ்ச அன்னைக்கே குடுத்துப்போடறனுங்க."

"அதுவரைக்கும் இது இருக்காதுங்க மேஸ்திரி," என்று சொல்லிவிட்டு டாக்டர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

விஷயம் இப்படி வந்து நின்றது. ஒரு பக்கம் மகனின் அட்டை. இன்னொரு பக்கம் நாயின் உயிர். ஈரல் வாங்கினால் பெருமாள் கோபித்துக்கொண்டு அமெரிக்க அதிகாரியின் காதில் ஓதிவிடுவார். வாங்காவிட்டால் மேனேஜர் போய்விடுவார். அரங்கசாமி அதை உண்மையாகவே நம்பினார். நடிப்பென்றால் எனக்குக் கோபம் வந்திருக்கும், நடிப்பில்லாததால் எரிச்சல்தான் வந்தது. கொய்யாமரத்தடியில் நாயின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, அதன் காதில் ஈயை ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். அந்தத் தண்ணீரை வைத்து நாய்க்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

"காரமடைக்குப் போயிச் சாமிகிட்டயே பூக்கட்டிக் கேட்டுப்போட்டு வாரேன்," என்றார் சாயங்காலம். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, எது வருகிறதோ அதன்படி நடப்பது.

"எந்தப் பூ வந்தா ஈரல்?" என்றார் பங்காரம்மா.

அவர் அதை இன்னும் யோசிக்கவில்லை.

"நர்ஸம்மா, என்னையக் கொஞ்சம் எழுப்பி உக்காத்துங்க," என்றார் பங்காரம்மா. தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தேன். ஜன்னல் வழியே பின்வாசல் முழுக்கத் தெரியும்.

"ஒரேய் அரங்கா. இக்கட்ட வா. நம்ம அப்பன் ஊட்ட எப்பிடி எழுதி வெச்சாரு?"

"அதென்னக்கா இப்ப?"

"சொல்லு."

"துவைக்கற கல்லுக்குக் கெழக்கே எனக்கு. மேக்கே உனக்கு."

அது தெருவுக்கே தெரிந்த விஷயம். விதவை மகளை யாரும் வெளியே போ என்று சொல்லிவிடக் கூடாது என்று தகப்பனார் பாதி வீட்டை எழுதிவைத்திருந்தார். பின்வாசல் நடுவில் இருந்த துணி துவைக்கும் கல்தான் எல்லை. மேற்கே அந்த அம்மாளின் அறை, அடுப்பு பற்றவைக்காத பழைய சமையற்கட்டு, கொய்யாமரம்.

"நாய் இப்ப எங்கடா கெடக்குது?"

அரங்கசாமி திரும்பிப் பார்த்தார். கொய்யாமரம். மேற்கு.

"வேண்டுதல் கடல் தாண்டாதுன்னு சொன்னியா இல்லியா? கடலைத் தாண்டாத வேண்டுதல் எனக்கெழுதி வெச்ச கல்லை மட்டும் எப்பிடிடா தாண்டும்? நான் ஆருகிட்டயும் எதையும் நேந்துக்கலை. என்ற ஊட்டுல என்ற அடுப்புல நான் ஈரலும் வேக வெப்பேன், யானையும் வேக வெப்பேன். உன்ற பெருமாளுக்கு இதுல என்ன வந்துச்சு? நீ அந்தப் பக்கமாவே நின்னு கும்பிடு."

"அக்கா, ஊடு ஒண்ணுதானக்கா..."

"பத்திரத்துல ரெண்டு."

முத்தாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அரங்கசாமி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? பெருமாளுக்குப் பத்திரப்பதிவுச் சட்டம் எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மனிதருக்குச் சாமியிடமிருந்து தப்பிக்க ஒரு சந்து தேவைப்பட்டது, அந்தச் சந்தை அவரே தன் மகனுக்காக வெட்டி வைத்திருந்தார். நாய் நுழைவதற்கு அதில் இடம் இருந்தது.

"அப்ப மேனேஜரு..." என்றார் அரங்கசாமி.

"இனிமே என்ற ஆளு. அவரு வேலை மாறிட்டாரு. நாளைக்குக் காலையில போயி யாகூப் கடையில ஈரல் வாங்கிட்டு வா. எனக்கும் சேத்து வாங்கு. இடுப்பு டாக்டர் முட்டை திங்கச் சொல்லி எத்தனை நாளாச்சு, நான் வாயத் தொறந்தனா?"

அந்த அம்மாளுக்கு முட்டை கொடுங்கள் என்று நான் வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். இதே நேர்த்திக்கடனைச் சொல்லி என் வாயையும் அடைத்திருந்தார்கள். ஒரே வீட்டில் ஒரே காரணத்துக்காக இரண்டு உடம்புகள் தேறாமல் கிடந்தன. இதில் ஓர் உடம்பின் ரத்தம் மட்டும்தான் மெட்ராசுக்குப் போனது.

"நானா போகோணும்? முத்தாத்தாள் போகட்டுமே."

"அவ போக மாட்டா. வெயில்ல கட்டிப் போட்டது அவளா?"

 இருட்டுவதற்குள் அரங்கசாமி மாடிக்குப் போய்ச் சங்கிலியையும் எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துவந்தார். நாயின் சாப்பாட்டுத் தட்டைத் தன் சமையற்கட்டிலிருந்து எடுத்து, கல்வரைக்கும் வந்து, கல்லின் மேல் வைத்தார். நான் எடுத்து மேற்கே வைத்தேன். மில்லில் கணக்கு முடித்து ஆளை அனுப்புகிற மாதிரி இருந்தது. நெய் விட்ட கஞ்சியில் மாத்திரையைக் கரைத்து நான் நாய்க்குப் புகட்டியதைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். பாதி வெளியே வந்தது.

மறுநாள் காலையில் குளித்துவிட்டுக் கிளம்பினார். நாமம் போடவில்லை. பாத்திரம் வைத்த பையை என்னிடம் நீட்டி, கூட வர முடியுமா, தூக்கிக்கொண்டு வர வேண்டும், தன் கை அதைத் தொட முடியாது என்றார். எனக்கும் உக்கடம் பக்கம் கட்டுத்துணி வாங்க வேண்டியிருந்தது. வருகிறேன், தூக்க மாட்டேன் என்றேன். பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் என் பக்கம் திரும்பாமல் வந்தார்.

யாகூப் பழைய ஆள். அரங்கசாமி மில்லில் இருந்த காலத்தில் ஞாயிறு தவறாமல் அங்கேதான் கறி வாங்குவாராம். தூரத்திலேயே எங்களைப் பார்த்துவிட்டார்.

"வாங்க வாங்க மேஸ்திரி! வழி தெரிஞ்சுதுங்களா? மகன் அமெரிக்காவுல இருந்து திரும்பிட்டாப்லயாட்ட இருக்குது!"

"இல்லீங்க. அவன் அங்கதான். எனக்கில்லீங்க இது, நாய்க்கு. கொஞ்சம் ஈரல்."

"நாய்க்கா?" யாகூப் கத்தியைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "கூச்சப்படாதீங்க மேஸ்திரி. புரட்டாசியில எங்க கடைக்கு வர்றவங்க எல்லாரும் நாய்க்குன்னுதான் வாங்குவாங்க. இந்த ஊருல அவ்வளவு நாயி எங்கீங்க இருக்குது?"

அரங்கசாமி என்னைக் காட்டி, "வேணும்னா இவிங்களைக் கேளுங்க," என்றார். யாகூப் என்னைப் பார்த்தார். நான் தொங்கிக்கொண்டிருந்த தராசைப் பார்த்தேன். கொஞ்சம் அவமானம் அவருக்கு மருந்து.

ஈரலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தபோது அரங்கசாமி பையின் வாயை அகலப் பிடித்து, "போட்டுருங்க," என்றார். பஸ்ஸில் திரும்பும்போது பையைக் காலுக்கடியில் வைத்தார். பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுளித்தபோது, தனக்குச் சம்பந்தமில்லாத பை என்பதுபோல ஜன்னல் பக்கம் பார்த்தார். சிங்காநல்லூர் வந்ததும் அதை மறந்ததுபோல இறங்கப் பார்த்தார். "பை," என்றேன். எடுத்துக்கொண்டார்.

கல்லைத் தாண்டாமல் பையைக் கல்லின் மேல் வைத்தார். முத்தாத்தாள் எடுத்துப்போய் மேற்குச் சமையற்கட்டில் அடுப்பு மூட்டி, உப்பில்லாமல் வேகவைத்தாள். வாசனைக்குப் பத்திரம் தெரியாது. அது கல்லையும் தாண்டிக் கிழக்கே போய் அரங்கசாமியின் பூஜை அறைவரைக்கும் நுழைந்தது. அவர் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு கல்லோரத்தில் வந்து நின்றார்.

ஒரு துண்டு ஈரலைக் கீறி, அதற்குள் மாத்திரையை வைத்து நான் நாயின் வாயருகே நீட்டினேன். முகர்ந்தது. எழுந்து உட்காரக்கூட முடியாத நாய் கழுத்தை நீட்டிப் பிடுங்கிக்கொண்டது. மெல்லவில்லை, அப்படியே விழுங்கியது. மிச்சத்தைத் தட்டில் போட்டு வைத்தேன். முன்னங்காலால் தட்டை அணைத்துக்கொண்டு தின்றது. ஜன்னலுக்கு உள்ளே பங்காரம்மா ஒரு கிண்ணத்தில் தன் பங்கைத் தின்றுகொண்டிருந்தார்.

"மேனேஜரே," என்று கூப்பிட்டார் அரங்கசாமி.

நாய் தலையைத் தூக்கவில்லை.

"மேனேஜரே. இங்க பாருங்க."

"மேனேஜர் சாப்பிடறாருடா," என்றார் பங்காரம்மா ஜன்னலிலிருந்து. "அப்புறமா வா."

அரங்கசாமி போகவில்லை. மூக்கைக் கட்டிய துண்டோடு அங்கேயே நின்றார். நாய் தட்டை நக்கி முடித்துத் தலையைத் தரையில் சாய்த்த பிறகு, கல்லின் மேல் குனிந்து, கையை எட்டி நீட்டி, அந்தத் தட்டை எடுத்தார். வெறுங்கையாலேயே எடுத்தார். குழாயடியில் உட்கார்ந்து சாம்பல் போட்டு, ஓரமெல்லாம் விரல் விட்டுத் தேய்த்துக் கழுவினார். கழுவின தண்ணீர் கல்லுக்குக் கிழக்கே, அவருடைய பக்கம்தான் ஓடியது. பங்காரம்மா அதைப் பார்த்துக்கொண்டே கிண்ணத்தில் மிச்சம் இருந்த ஈரலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.